"ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லியே தள்ளிப்போட்டது

அண்ணனோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தேன். தப்பு என் மேல்தான், அது முதல் வாரமே தெரியும். யாராவது கேட்டால் "அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்பேன். பொய்யில்லை, ஜெபித்தேன்தான். ஆமென் சொன்ன பிறகு போனை எடுக்கமாட்டேன், அவ்வளவுதான். "கர்த்தருடைய வேளை வரட்டும்" என்று சொல்லிவிட்டால் சபையில் யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள்.

பைபிளில் அப்போஸ்தலர் 24-ஐ வாசிக்கும்போதுதான் மாட்டினேன். காவலில் இருக்கும் அப்போஸ்தலன் பவுல் பேசப்பேச, ரோம ஆளுநர் பேலிக்ஸ் பயந்துபோகிறான். ஆனாலும் "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிடுகிறான். அழைக்காமலும் இல்லை. லஞ்சம் கிடைக்குமென்று அடிக்கடி அழைத்துப் பேசுகிறான். இரண்டு வருடம் போய், அவன் இடத்தில் பெஸ்து பதவிக்கு வந்துவிடுகிறான். பவுல் இன்னும் காவலில்தான். பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை. என் ஜெபமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி மூன்று முறை மெசேஜ் எழுதி அழித்தேன். அப்புறம் போனே போட்டுவிட்டேன். "அண்ணா, நான்தான்" என்றதோடு தொண்டை அடைத்துக்கொண்டது. "நானும் கூப்பிடணும்னு நெனச்சுக்கிட்டேதான்டா இருந்தேன்" என்றார். அவருமா! அண்ணி இன்னும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அது தனிக் கதை.

*

பிரதர், நீங்கள் சொன்னதைக் கேட்டேன், நானும் ஒன்று சொல்லலாமா? காத்திருப்பதெல்லாம் சோம்பல் ஆகிவிடாது. பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த யூதர் நெகேமியா, யூதர்களின் கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிற செய்தியைக் கேட்டு அழுகிறார். ராஜாவிடம் வாய் திறப்பது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம். ஆனால் ராஜா "என்ன வேண்டும்" என்றதும், தேசாதிபதிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கு மரம், மரம் தரவேண்டிய வனக் காவலர் ஆசாப்பின் பெயர் வரை தயாராக வைத்திருக்கிறார். வேலை தேடும் விஷயத்தில் நானும் "காத்திருக்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையில் ஒரு பயோடேட்டாகூட இல்லை.

*

என்னுடையது சின்ன விஷயம்தான், ஆனால் இன்றைக்கும் கூசுகிறது. ஒரு சகோதரி ஆபரேஷனுக்குப் போகும்முன் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொன்னேன். ராத்திரி ஜெபிக்கலாம் என்று விட்டேன், மறந்தேபோனேன். ஒரு மாதம் கழித்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஜெபிக்கிறீர்கள் என்கிற தைரியத்தில்தான் உள்ளே போனேன்" என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார், நான் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் போனை வைக்கும்முன்பே இரண்டு வரி ஜெபித்துவிடுகிறேன்.

*

நான் தள்ளிப்போட்டது ஞானஸ்நானத்தை. பதினோரு வருடம்! "இன்னும் தகுதி வரவில்லை" என்பேன். வரலாறு வேறு கைவசம் இருந்தது: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனே 337-ல், சாவதற்குச் சற்று முன்புதானே ஞானஸ்நானம் பெற்றார் என்று வாதாடுவேன். வனாந்தர வழியில் "இதோ, தண்ணீர் இருக்கிறதே" என்று ரதத்தை நிறுத்தச் சொல்லி, அங்கேயே ஞானஸ்நானம் பெற்ற பைபிளின் எத்தியோப்பிய மந்திரியைப் பற்றி மட்டும் பேச்செடுக்கமாட்டேன்.

ஒருநாள் எங்கள் பாஸ்டர், "அழுக்கெல்லாம் போன பிறகுதான் குளிக்கப் போவீர்களா?" என்று கேட்டார். பதிலே இல்லை. சரி, வருகிற ஈஸ்டருக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை மாற்று உடுப்போடு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.