செம்பனைக்குள் ஜிபிஎஸ் பக்கத்து மரத்தைக் காட்டுகிறது

சிப்புட் மண்டோர்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக இருக்கிறேன். கானோடெர்மா என்ற பூஞ்சை நோய் பிடித்த செம்பனைகளைக் கைப்பேசியில் புள்ளி வைத்துக் குறிப்பேன், ஆட்கள் அதைப் பார்த்துப் போய் வெட்டுவார்கள். போன வாரம் அப்படிப் போனவர்கள், அடுத்த வரிசையில் குலை தள்ளி நின்ற நல்ல மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். பதினாறு வருஷ மரம், மனசு ஆறவில்லை. மரத்துக்கு மரம் 9 மீட்டர்தான் இடைவெளி. கைப்பேசி சரியாகக் காட்ட வழி உண்டா?

பழைய சங்கிலி:
தம்பி, நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். வெட்டவெளியிலேயே சாதாரணக் கைப்பேசி 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மட்டை மூடிய இடத்தில் கேட்கவே வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் மரத்திலும் மட்டையிலும் பட்டுச் சுற்றி வரும். அந்தச் சுற்று வழியையும் கைப்பேசி தூரமாகச் சேர்த்துவிடும். ஒரு நானோ விநாடி தாமதமே 30 சென்டிமீட்டர்.

அப்புறம், நம் நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அயனமண்டலம் (மேல்வானத்தில் மின்னூட்டம் கொண்ட காற்றடுக்கு) கலங்கி சிக்னல் தடுமாறும். குறிக்கிற வேலையைக் காலையில் வைத்துக்கொள். ஜிபிஎஸின் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் வாங்கும் கைப்பேசி கிடைத்தால் நல்லது, பட்டுத் திரும்பும் சிக்னலை அது நன்றாகவே பிரித்துவிடும். எல்லைக் கல் வேலைக்கு நில அளவைத் துறையான ஜுபெமின் மைஆர்டிகேநெட் என்ற தரை நிலைய வலையமைப்பு சென்டிமீட்டர் கணக்கில் திருத்தம் தருகிறது, ஆனால் அதற்கும் வானம் தெரிய வேண்டும்.

கம்பார் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. நாங்கள் மரத்தடியில் புள்ளியே வைப்பதில்லை. லோரி போகும் பாதையில், வானம் திறந்த இடத்தில், வரிசை முனையில் வைப்போம். கைப்பேசி வரைபடத்தில் பிழை அளவைக் காட்டும் நீல வட்டம் சுருங்கும்வரை இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அங்கிருந்து மரத்தை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மரத்தில் சிவப்புச் சாயமும் அடித்துவிடுங்கள் தம்பி. வெட்டுகிறவர்கள் திரையையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

சிப்புட் மண்டோர்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. இன்று காலை ஏழரைக்கே போனேன். பாதையோரத்தில் வட்டம் நன்றாகச் சுருங்கியது, உள்ளே நாலு மரம் தாண்டியதும் மறுபடி விரிந்துவிட்டது. 14ஆம் வரிசை, முனையிலிருந்து ஆறாவது மரம். குனிந்து பார்த்தேன்: தூரில் பழுப்பு நிறக் காளான், ஓரம் மட்டும் வெள்ளை. அதேதான். சாயம் அடித்துவிட்டேன். நாளை வெட்டும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.