பேக்ஸ்லாஷ் விழுங்கிய இரண்டு எழுத்துகள்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் நடந்தது இது. விண்டோஸ் கணினியின் சி டிரைவில் 'நியூ' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'டேபிள்', அதற்குள் என் மதிப்பெண் கோப்பு. கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பாதையை அப்படியே நகலெடுத்து, நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டினேன். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! பெயரை மாற்றிப் பார்த்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். ஒரு மாலைப் பொழுதே போய்விட்டது.

கடைசியில் அந்த ஸ்ட்ரிங்கை, அதாவது மேற்கோள் குறிகளுக்குள் இருந்த எழுத்துத் தொடரை, திரையில் அச்சிட்டேன். முதல் வரியில் டிரைவின் பெயரும் முக்காற்புள்ளியும் மட்டுமே இருந்தன. அடுத்த வரியில் 'நியூ'வின் ஆங்கில முதலெழுத்தைக் காணோம். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அதைத் தாண்டி முதலெழுத்து இல்லாத 'டேபிள்'. பாதையில் வரும் பேக்ஸ்லாஷ் என்ற \ குறியுடன் 'என்' சேர்ந்தால் புதிய வரி, 'டி' சேர்ந்தால் டேப் எனும் நீண்ட இடைவெளி என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கு முன் எழுதிய பாதைகள் எப்படி வேலை செய்தன? \ குறிக்குப் பின் தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் பைத்தான் இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறது. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தவறு செய்துகொண்டிருந்தேன், யாரும் சொல்லவில்லை. 3.12 பதிப்பிலிருந்து இதற்கு வெளிப்படையான எச்சரிக்கை வருகிறது, நல்ல மாற்றம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் என்றால் பைத்தான் 3 நிரலை ஓடவே விடாது. பெரிய 'யு'வுக்குப் பின் எட்டு இலக்கங்களை எதிர்பார்க்கும். அந்தப் பிழையே மேல்.

இப்போது \\ என்று இரட்டிப்பேன், அல்லது \ குறியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லி மேற்கோளுக்கு முன் 'ஆர்' போடுவேன். 'ஆர்' போட்டாலும் ஸ்ட்ரிங் ஒற்றை \ குறியில் முடியக் கூடாது. விண்டோஸிலும் / குறியே பெரும்பாலும் போதும்.

பதில்:

எனக்கு நேர்ந்தது வேறு விதம், நண்பரே. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பைத்தானில் ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பாகச் சேமித்தேன். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, பக்கம் முழுவதும் \ குறியும் 'யு'வும் எண்களும். எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறிப்போனேன். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் ஆறு எழுத்துக்குறிகளாக விரிந்து முப்பதாகியிருந்தது. மீண்டும் ஜேசனாகப் படித்ததும் பெயர்கள் பழுதின்றித் திரும்பின. தமிழ் எழுத்துகளை இப்படி விரிக்கச் செய்யும் 'என்ஷூர் ஆஸ்கி' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' (பொய்) என்று மாற்றி, தமிழை அப்படியே சேமிக்கவல்ல யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தேன். கோப்பிலேயே தமிழ் தெரிந்தது.