இலவச மருந்து கொடுப்பவர் மாறியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

தாம்வே மகள்:
இடத்தின் பெயர் வேண்டாம், யாங்கூனில் அந்த வரிசையில் நின்றவர்களுக்குப் புரியும். மருந்து கொடுத்துவந்த அக்கா விலகிவிட்டார். புதிதாக ஒரு தம்பி. அம்மா வழக்கம்போல வீட்டுப் பெயரைச் சொன்னார். பேரேட்டில் இருப்பதோ அடையாள அட்டையின் பர்மியப் பெயர். அதைச் சொன்னதும் அதே பெயரில் நான்கு பேர் அகப்பட்டார்கள். பர்மாவில் குடும்பப் பெயர் ஏது, தகப்பன் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கட்டம் காலி. அக்காவுக்கு முகம் தெரியும், அதனால் எழுதவில்லை. தம்பி மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டையை நீட்டினான். "எனக்கு ஊசி, தம்பி" என்று அம்மா சொல்லச் சொல்ல அவன் ஏட்டைவிட்டு நிமிரவில்லை. பின்னால் ஆண்கள் நிற்கும்போதே அம்மா சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்திக் கன்றிய இடங்களைக் காட்டினார். இன்சுலின் கிடைத்தது. வீடு வரும்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பகோவிலிருந்து:
தம்பி மேல் என்ன தவறு? ஏட்டில் இருப்பதைத்தானே பார்ப்பான். எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு போனவரைக் கேளுங்கள். எங்கள் அப்பாவுக்கு இரத்த அழுத்தம், அம்லோடிபின். ஆள் மாறிய மாதம் வேறு கம்பெனி அட்டை வந்தது. முன்பிருந்தவர் என்றால் "ஐயா, அதே மருந்துதான்" என்று சொல்லித்தான் கொடுப்பார். இந்த முறை யாரும் சொல்லவில்லை. மருந்து ஒன்று கூடியிருக்கிறது என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

மௌலமியன் பெரியவர்:
எனக்குப் புதியவர் கொடுத்த இன்சுலின் குப்பி ஒன்று, வீட்டில் இருந்த ஊசி வேறு. பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார், பிழைத்தேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வரும் பல குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் குப்பியும் உண்டு. அதற்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட்! சர்க்கரை இறங்கி மயங்கி விழ அது போதும். குப்பி மாறினால் ஊசியையும் மாற்றிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கரண்ட் போகிறது என்று ஐஸ் பெட்டியில் வைப்பவர்கள் துணி சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். காலி அட்டையையும் குப்பியையும் எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் பேரன் போனில் வையுங்கள். இன்னும் எழுதுவேன், கண் வலிக்கிறது.

முன்னாள் ஊழியர்:
ஐயா, கேட்காமலே பாடம் நடத்திவிட்டீர்கள், ஊசி விஷயம் சரிதான். பகோக்காரரே, தலைக்குள் வைத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி, வேறொரு இடத்தில். 2021க்குப் பிறகு பர்மியப் பணமான கியாட்டின் மதிப்பு விழுந்து இறக்குமதி மருந்து விலை ஏற ஏற, மருத்துவச் சலுகை தரும் சமூகப் பாதுகாப்பு அட்டை இல்லாத கூலிக்காரர்கள் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒப்படைக்க உட்கார்ந்த அன்று ஏட்டை விரித்து "இவருக்கு" என்று தொடங்குவேன். ஜன்னலில் ஒரு கை சீட்டை நீட்டும். புதிதாக வந்த பெண் எழுந்து போவாள். அவள் திரும்புவதற்குள் அடுத்த கை. பிறகு இரவில் போன் செய்து, வந்தவர்களின் முகத்தை அவள் வர்ணிப்பாள். "கடுக்கன் போட்ட தாத்தாவா? அவருக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்தே கொடுத்துவிடு, அவர் உடைத்தால் தூளாகிவிடும்" என்பேன். எனக்குச் சம்பளம் நின்ற பிறகும் இது நடந்தது. நிர்வாகத்தைக் கேட்டால், ஒப்படைப்பு ஒரே நாளில் முடிந்ததாக நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுவார்கள்.