டு ப்ரே யார் யாரோடு வாசித்தார்? எல்காரைத் தாண்டி எதைக் கேட்கலாம்?

வயலின் மாணவி, மருதனார்மடம்

வணக்கம். நான் கர்நாடக வயலின் படிக்கிறேன், மேற்கத்தைய இசை கேட்கத் தொடங்கியது அண்மையில்தான். ஆங்கிலேயச் செலோக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்த, எல்கார் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் செலோ கொன்சேர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு தனிச் செலோ வாசிக்கும் உருப்படி) யூரியூப்பில் கேட்டதிலிருந்து வேறொன்றிலும் மனம் போகவில்லை. ஆனால் அவரைப் பற்றித் தேடினால் நோயும் கலியாணமும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. யாரிடம் படித்தார், யாரோடு வாசித்தார் என்று யாராவது வடிவாகச் சொல்வீர்களா? அடுத்து எதைக் கேட்கலாம்?

கொக்குவில் வாசகன்

தங்கச்சி, 1945இல் ஒக்ஸ்போர்டில் பிறந்தவர். ஐந்து வயதாக முன்னமே வானொலியில் செலோவைக் கேட்டு, அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று தாயிடம் நின்றவர். தாய் ஐரிஸ் பியானோக் கலைஞர். மகளுக்கென்றே சின்னச் சின்ன உருப்படிகள் எழுதி, பக்கத்தில் படமும் கீறி, இரவில் கட்டிலடியில் வைத்துவிடுவாராம். பத்து வயதில் வில்லியம் பிளீத்திடம் போனார். அவரைச் 'செலோ அப்பா' என்றுதான் கூப்பிடுவார். பிறகு பாரிஸில் டோர்ட்டலியே, மொஸ்கோவில் ரொஸ்ட்ரோபோவிச் என்று பெரிய ஆட்களிடம் போனாலும் மனதில் குருவாக இருந்தவர் பிளீத்தான்.

நீங்கள் கேட்ட எல்கார் 1965இல் பதிவானதாக இருக்க வேண்டும். அதில் வாத்தியக் குழுவை நடத்திய ஜோன் பார்பிரோலியும் செலோக்காரர். 1919இல் லண்டனில் அந்த உருப்படி அரங்கேறியபோது வாத்தியக் குழுவின் செலோ வரிசையில் இருந்து வாசித்தவர். ஒத்திகைக்கு நேரம் போதாமல் அன்றைய கச்சேரி சரிவரவில்லை. டு ப்ரே 11 வயதில், இளம் செலோக்காரர்களுக்கான சுஜியா பரிசு வாங்கியபோது நடுவர் குழுவில் இருந்தவரும் அவர்தான். பிள்ளையாகப் பார்த்த ஒருவரை இருபது வயதில் அதே எல்காரோடு முன்னால் இருத்தி, பின்னால் நின்று தாங்கிக்கொண்டு போகிறார் என்று தெரிந்து கேட்டுப் பாருங்கள், வாத்தியக் குழு அவருக்காக எங்கெல்லாம் பொறுத்து நிற்கிறது என்பது தனியாகக் கேட்கும்.

சுண்டுக்குளி

எனக்கு அந்த எல்கார் கொஞ்சம் அதிகம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போவதும், வில்லை அப்படி அழுத்துவதும், ஒரு கட்டத்தில் எல்காரை விட்டு அவரைத்தான் கேட்கிறேன். அதையே பிரெஞ்சுச் செலோக்காரர் பியர் ஃபூர்னியே வாசித்ததைக் கேளுங்கள், நிதானம் என்றால் அது.

பழைய பூங்கா வீதி

சுண்டுக்குளி சொல்வது எல்காருக்குப் பொருந்தலாம். ஆனால் அதை வைத்து டு ப்ரேயை முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் அவர் தனி ஆளாக நிற்கிறபோது ஒரு விதம், ஆட்களோடு சேர்ந்து இருக்கிறபோது இன்னொரு விதம். பியானோக் கலைஞர் ஸ்டீவன் கொவாசெவிச்சோடு 1965இல் பதிந்த பேத்தோவன் சொனாட்டாக்கள் (செலோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள்) இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஐந்தாம் எண் சொனாட்டாவின் மெதுவான பகுதியை இரவில் சத்தமில்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். வழுக்கலும் இல்லை, அழுத்தமும் இல்லை, பியானோ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்கிறார்.

அப்புறம் அவரோடு வாசித்த நண்பர் கூட்டம். 1966 கடைசியில் லண்டனில் சீனப் பியானோக் கலைஞர் ஃபூ சொங் வீட்டில்தான் பியானோக் கலைஞர் டானியல் பாரன்போயிமைச் சந்தித்தார், வணக்கம் சொல்லவும் முன்னம் இருவரும் பிராம்ஸ் வாசிக்க உட்கார்ந்துவிட்டதாகக் கதை. அடுத்த ஆண்டு ஜூனில் ஜெருசலேமில் கலியாணம். 1969 ஓகஸ்ட் 30, லண்டன் குயீன் எலிசபெத் மண்டபம்: ஷூபேர்ட்டின் 'ட்ரௌட்' ஐவர் இசை. பியானோ பாரன்போயிம், வயலின் இட்சாக் பெர்ல்மன், வியோலா பிங்காஸ் சுக்கர்மன், செலோ டு ப்ரே, டபுள் பேஸ் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா. ஐவருக்கும் வயது இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான். கிறிஸ்டோபர் நூப்பன் இதைப் படமாக எடுத்திருக்கிறார், மேடைக்குப் பின்னால் வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசித்துச் சிரிக்கிறார்கள். நல்ல தவில்காரர் நாதஸ்வரக்காரரின் முகத்தைப் பார்த்தே அடுத்தது என்ன வரப்போகிறது என்று பிடிப்பாரே, அதை இங்கே ஐந்து பேரிடமும் காணலாம். அவரை முழுக்கத் துயரக் கதையாக எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கொக்குவில் வாசகன்

ஓம், ட்ரௌட் கட்டாயம். சுஜியா என்றதும் ஞாபகம் வந்தது: அதே பரிசு வாங்கிய இன்னொருவர் ரோஹன் டி சேரம். இங்கிலாந்தில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஆர்டிட்டி என்ற தந்தி வாத்திய நால்வர் குழுவில் 1979 முதல் 2005 வரை செலோ வாசித்தார், கண்டிய மேளமும் கற்றவர். அந்த மேளத்தின் தாளத்தை வைத்தே இத்தாலிய இசையமைப்பாளர் லுசியானோ பேரியோ 2002இல் அவருக்காக ஒரு தனிச் செலோ உருப்படி எழுதினார். 2024இல் காலமானார். எங்கள் நாட்டுப் பத்திரிகைகள் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

வயலின் மாணவி, மருதனார்மடம்

எல்லோருக்கும் நன்றி, சொனாட்டாவில் இருந்து தொடங்குகிறேன். ஒரு கேள்வி: டு ப்ரேயின் அந்தச் சத்தம், பழைய இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த விலைமதிப்பற்ற வாத்தியத்தால் வந்ததா? எங்களிடம் இருப்பதெல்லாம் சாதாரண வயலின்கள்தான்.

பழைய பூங்கா வீதி

அவரிடம் 1712இல் செய்த டவிடோவ் ஸ்ட்ராடிவாரி இருந்தது உண்மை, இப்போது அதை வாசிப்பவர் யோ யோ மா. ஆனால் 1970இல் பிலடெல்பியாவில் செர்ஜியோ பெரெஸ்ஸோன் புதிதாகச் செய்து கொடுத்த செலோவுக்கு மாறி, 1973இல் நோய் மேடையை விட்டு இறக்கும்வரை அதைத்தான் பெரும்பாலும் வாசித்தார். அதன் சத்தம் கேட்க வேண்டுமென்றால் 1971 டிசம்பரில் பாரன்போயிமோடு பதிந்த ஷொப்பன், ஃபிராங்க் சொனாட்டாக்களைத் தேடுங்கள், இரண்டும் ஒரே தட்டில் வந்தவை. கேட்டுவிட்டு எல்காரோடு ஒப்பிட்டு இங்கேயே எழுதுங்கோ.