பாஸ்டன் வணிகர்களின் உருவப்படங்கள்: உண்மையா, விலைக்கு வாங்கிய பெருமையா?

தூரிகை:
ஜான் சிங்கிள்டன் காப்ளி 1767இல் தீட்டிய நிக்கலஸ் பாய்ல்ஸ்டன் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாஸ்டனின் பெரிய இறக்குமதி வணிகர். பொய்முடி இல்லை, மழித்த தலையில் தலைப்பாகை, உடம்பில் தளர்வான பட்டு அங்கி, கைக்கு அணையாகத் தடித்த பேரேடுகள், பின்னால் ஒரு கப்பல். தன் தொழிலை ஒளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கக் காலனிகளின் நேர்மையான கலை இதுதான் என்பது என் கட்சி.

கணக்கன்:
காசு கொடுத்தவர் கேட்ட பெருமையைத் தீட்டித் தருவதில் என்ன நேர்மை? அதே காப்ளி 1763 வாக்கில் வரைந்த மேரி பவர்ஸ் படத்தில் உடை, அமர்ந்த விதம், மடியிலிருக்கும் நாய் எல்லாமே ஆங்கில ஓவியர் ரேனால்ட்ஸ் வரைந்த ஆங்கிலச் சீமாட்டி ஒருவரின் படத்திலிருந்து, அதன் அச்சுப் பிரதியைப் பார்த்து எடுத்தவை. மேரிக்குச் சொந்தம் முகம் மட்டுமே.

தூரிகை:
அந்த முகத்தைத்தான் நான் சொல்கிறேன். பாய்ல்ஸ்டனின் தாயை 1766இல் வரைந்தபோது முதுமையின் சுருக்கங்களை அவர் மறைக்கவில்லை. செல்வமும் கற்பனையல்ல. அதே ஆண்டு பாய்ல்ஸ்டன் வீட்டில் விருந்துண்ட ஜான் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்க அதிபர்), துருக்கிக் கம்பளங்களைக் கண்டு வியந்து, அறைகலன்களுக்கு மட்டுமே ஆயிரம் பவுண்டு ஆனதாக நாட்குறிப்பில் எழுதினார்.

வடகரை:
இடையில் ஒரு சேதி. அந்த அங்கிக்கு ஆங்கிலத்தில் 'பேனியன்' என்று பெயர்; குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாம் சட்டைக்குள் போடும் பனியனும் அதே சொல்தான். கிழக்கத்திய உடையே அங்கே ஓய்வின் அடையாளம், வசதியின் அடையாளம்.

கணக்கன்:
நல்ல தகவல், நன்றி. ஆனால் வசதி எங்கிருந்து வந்தது? ராபர்ட் ஃபீக் 1741இல் வரைந்த ஐசக் ராயல் குடும்பப் படத்தில் மேசைமேல் துருக்கிக் கம்பளம், குழந்தையின் கையில் பவளம் பதித்த விளையாட்டுப் பொருள். பணமோ கரீபியத் தீவான ஆன்டிகுவாவின் கரும்புத் தோட்டத்துப் பணம். பாஸ்டனுக்கு அருகே மெட்ஃபர்ட் பண்ணையில் அந்தக் குடும்பம் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் 60 பேருக்குக் குறையாது. அவர்களில் ஒருவரின் நிழல்கூடப் படத்தில் விழவில்லை. பவளத்தைக்கூட மறக்காமல் வரைந்தவருக்கு மனிதர்கள் கண்ணில் படவில்லையா?

தூரிகை:
இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஃபீக் படத்தை இனி முன்போல் பார்க்க முடியாது. ஆனால் ஓவியரையும் வணிகரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இங்கே ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்புத் தொழில்போல்தான் மதிக்கிறார்கள் என்று காப்ளியே கடிதத்தில் குமுறியிருக்கிறார். எதை வரைவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை.

கணக்கன்:
அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன், ஐயா.