4 ஏக்கர் நெல் வயலை இயற்கைக்கு மாற்ற ரெண்டு மாட்டுச் சாணம் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் 4 ஏக்கர், களிமண். இதுவரை யூரியா, டிஏபி, பொட்டாஷ்தான். வரும் சம்பாவில் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஜீவாமிர்தத்தை வைத்தே ஓட்டலாமா? நாட்டு மாடு ரெண்டு இருக்கு. நெல்லுக்குச் சான்றிதழ் எப்போது கிடைக்கும்? பாலையும் இயற்கைப் பால்னு விற்கலாமா?

வயல்வரப்பு:
ஜீவாமிர்தத்தை உரக் கணக்கில் சேர்க்காதீங்க. 200 லிட்டர் தண்ணியில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம். இதில் எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) இருந்துடும்? அது நுண்ணுயிருக்கு.

சாணமும் பத்தாது. மாட்டுக்கு நாளைக்கு 10 கிலோன்னு வைத்தாலும் ரெண்டுக்கும் வருஷம் 7 டன்தான், மக்கினால் பாதி. ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம்னா உங்களுக்கு 20 டன் வேணும்.

மிச்சத்தைத் தக்கைப்பூண்டு கொடுக்கணும், வயலிலேயே வளர்த்து மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர் அது. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கி உழுதுடுங்க. தள்ளிப்போட்டால் தண்டு நாராகி மக்காது. செழிப்பா வந்தால் 8 டன் தழை, 25 கிலோ தழைச்சத்து. செப்டம்பர் முதல் வாரம் நடவுன்னா ஜூலை முதல் வாரமே விதை விழணும்.

மடக்கி 10 நாள் விட்டு நடுங்க. களிமண்ணில் அவசரப்பட்டால் தேங்கின தண்ணிக்குள் தழை அழுகி, கூமுட்டை நாற்றம் வரும், வேர் கருக்கும், பயிர் மஞ்சளாகும். உரம் பத்தலைன்னு யூரியா மூட்டையைப் பிரிக்கிறது இந்த இடத்தில்தான். தண்ணியை வடிச்சு மயிரிழை வெடிப்பு வரும்வரை காயவிட்டாலே புது வேர் ஓடும்.

வெண்ணாற்றங்கரை:
வேப்பம்புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ போட்டால் ஈடுகட்டாதா அண்ணே?

வயல்வரப்பு:
அதில் 5 கிலோ தழைச்சத்துதான் தம்பி. தூர் கட்டும்போது போடுங்க, தக்கைப்பூண்டுக்கு மாற்றா நினைக்காதீங்க.

மேலவாய்க்கால்:
சான்றிதழுக்கு வர்றேன். என்பிஓபி (மத்திய அரசின் இயற்கை வேளாண் சான்றுத் திட்டம்) விதிப்படி நெல் மாதிரி பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருஷம் மாற்றக் காலம், தென்னைக்கு அறுவடைக்கு முன் 3 வருஷம். நீங்களா யூரியாவை நிறுத்தின தேதியைப் பார்க்க மாட்டாங்க, அங்ககச் (இயற்கை விவசாயச்) சான்றளிப்புத் துறையில் பதிவு முக்கியம். அதனால் முதல் தக்கைப்பூண்டு விதைக்கும் முன்னாடியே பதிஞ்சுடுங்க. அஞ்சு பேர் சேர்ந்தால் பிஜிஎஸ் குழுவாகவும் (விவசாயிகளே ஒருத்தர் வயலை ஒருத்தர் சரிபார்க்கும் சான்று முறை) போகலாம்.

டெல்டாவில் பெரிய சிக்கல் தண்ணி. மேல் வயலிலிருந்து வழிஞ்சு பாய்ந்தால் அவர் அடிச்ச களைக்கொல்லியும் சேர்ந்து வரும். வரப்பை உயர்த்தி, வாய்க்காலிலிருந்து தனி மடை வைங்க. பக்கத்து வயலை ஒட்டின வரிசைகளைத் தனியா அறுத்து, தனியா விற்று, கணக்கிலும் எழுதுங்க.

பாலுக்கு வயல் சான்று செல்லாது, அது தனிப் பதிவு. கடைக் கலப்புத் தீவனத்தில் யூரியா இருக்கலாம், வெளியே வாங்கும் வைக்கோலில் மருந்து. ரெண்டு மாட்டுக்கு நாளைக்கு 50 கிலோ பசுந்தீவனம் வேணும். 25 சென்டில் கோ-4 தீவனப்புல், ஓரமா வேலிமசால், வரப்பில் அகத்தி போட்டு, தீவனம் உங்க நிலத்திலேயே வந்த பிறகு பாலைப் பற்றி யோசிங்க.