ஸ்டென்ட் பொருத்திய அப்பாவுக்கு ஷெங்கன் பயணக் காப்பீடு

வரும் மே மாதம் சென்னையிலிருந்து பெற்றோருடன் இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் செல்லவிருக்கிறோம். அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் உண்டு, 2021இல் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. இந்த நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பு போதும். ஆனால் என் கவலை விசா அல்ல, அங்கே அவருக்கு நெஞ்சுவலி வந்தால் செலவை யார் ஏற்பார்கள் என்பதே.

ஒப்பீட்டுத் தளங்களில் தேடிக் கிடைத்த பாலிசிகளின் விதிமுறைகளை வரிவரியாகப் படித்தேன். முகப்பில் எவ்வளவு பெரிய தொகை இருந்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் தனி உச்சவரம்புக்குள்தான் தருவார்களாம். வயதைக் காரணம் காட்டி அறை வாடகைக்கும் அறுவை சிகிச்சைக்கும் வேறு வரம்புகள். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், "கிளெய்ம் வரும்போது பார்க்கலாம்" என்கிறார்கள். ஸ்டென்ட் விவரத்தைக் குறிப்பிட வேண்டாம் என்று ஒரு முகவர் சொன்னார். அதை மறைத்தால் கிளெய்மையே நிராகரிக்க இடமுண்டு என்பதால் அந்த வழி எனக்கு வேண்டாம்.

இதய நோயை வெளிப்படையாகத் தெரிவித்த பிறகும் இப்படித் தனித்தனி உள்வரம்புகள் இன்றிச் சிகிச்சைச் செலவை ஏற்ற பாலிசி எது என்று, பெற்றோருக்காக வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்ல முடியுமா?